இரண்டாவது செவ்வாய்க்கிழமை

2013ஆம் ஆண்டு தீவகத்துப் பாடசாலை ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குப் பொறுப்பாசிரியராக இருந்தேன். எந்தத் தீவு என்று எழுதப் போவதில்லை. தீவுகள் சின்னவை, பெயரைச் சொன்னால் இறங்குதுறையில் நிற்கும் முதல் ஆளே அந்தப் பிள்ளை யாரென்று சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரைக்கும் பஸ்ஸில் போகலாம். அதற்கப்பால் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு எல்லாம் படகை நம்பியவை. நான் சொல்லப் போவது படகை நம்பிய ஒரு தீவைப் பற்றி. அது போதும்.

காலையில் இடாப்புக் கூப்பிடுவது என் வேலை. வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். இருபதுக்கும் குறைவான பெயர்கள் என்பதால் யார் இல்லை என்று தலையை நிமிர்த்தாமலே தெரிந்துவிடும். அவர்களில் ஒரு பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் மாதத்தில் ஒரு நாள், சில மாதங்களில் இரண்டு நாள் வரமாட்டாள். வந்தால் காரணம் சொல்லமாட்டாள். "வீட்டில வேலை சேர்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இரண்டு தடவை எழுப்பி நிற்க வைத்தேன். ஒருமுறை வகுப்பு முழுவதும் கேட்க, "படிக்க விருப்பமில்லையென்றால் வீட்டிலேயே நின்று வேலையைப் பார்" என்று சொன்னேன். அவள் அழவில்லை. கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டு நான் "இரு" என்று சொல்லும் வரைக்கும் நின்றாள்.

தவணை முடிவில் வரவுச் சுருக்கம் தயாரிக்கும்போதுதான் அந்தச் சிவப்புக் கோடுகளை ஒருசேரப் பார்த்தேன். எல்லாம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. சிலவேளை அதற்கடுத்த புதன்கிழமையும். கணக்குப் படிப்பிக்கிறவன் நான். ஒரு எண்தொடரைக் கொடுத்து அடுத்த உறுப்பைக் கண்டுபிடி என்று பிள்ளைகளிடம் கேட்கிறவன். எட்டு மாதமாக என் கையாலேயே கீறிய தொடர் என் கண்ணில் படவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலக வேலையாக யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. காலைப் படகில் ஏறியபோது அந்தப் பிள்ளை உள்ளே இருந்தாள். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உதடுகளை அசைத்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிள்ளையின் ஒரு கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மற்றக் கையில் கிளினிக் கொப்பி. என்னைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்புவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் எழுந்து நின்று, "அம்மா, இவர்தான் எங்கட கணக்குச் சேர்" என்றாள்.

"ஏன் பிள்ளை இதை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் வரேல்லை எண்டுதானே கேட்டனீங்கள் சேர். வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ எண்டு கேக்கேல்லை."

அதைக் குற்றம் சொல்லுகிற தொனியில் அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். தகப்பன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. தாய்க்கு மாதம் ஒருமுறை ஊசி. காலைப் படகில் இறங்குதுறைக்கு, அங்கிருந்து பஸ்ஸில் வைத்தியசாலைக்கு, அங்கே வரிசை. பின்னேரப் படகைப் பிடித்துவிட்டால் அன்றே வீடு. தவறினால் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் இரவைக் கழித்துவிட்டுப் புதன்கிழமை திரும்பவேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று இதைத் தனியாகச் செய்துகொண்டிருந்தது.

அன்று அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தேன் என்பது இப்போது ஞாபகமில்லை. என் நினைவெல்லாம் வேறொரு பஸ்ஸில் இருந்தது. அதைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. உம்மா மௌத்தான பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

என் சின்ன மாமா, உம்மாவின் கடைசித் தம்பி, யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையல்காரர். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி விடுதலைப் புலிகள் எங்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது நான் ஒஸ்மானியாவில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு இருபத்தெட்டு வயது. அவருடைய கடையில் மற்றவர்களுடைய துணிகள் கிடந்தன. ஒரு கலியாண வீட்டுக்குச் சட்டைகள், ஒரு வாத்தியாருக்கு நீளக் காற்சட்டை, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைத் துணி. அளவு எழுதிய கொப்பியோடு கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

புத்தளத்து மக்கள் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நன்றியை எந்த இடத்திலும் சொல்லத்தான் வேண்டும். கிடுகுக் குடிசைகளில் ஒரு வருடம் போயிருக்கும். மாமா சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு நித்திரையை. பிறகு பேச்சை. ஒரு நாள் சுபஹுக்கு எழும்பிய வாப்பா அவரைக் காணவில்லை. வவுனியாப் பக்கம் போகும் வீதியில் ஆறு மைலுக்கப்பால் நடந்துகொண்டிருந்தவரைத் தெரிந்த லொறிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு மாமா சொன்னது ஒரே பதில்தான்: "சனத்தின்ட அமானிதம் அங்க கிடக்கு. திருப்பிக் குடுக்கோணும்."

அமானிதம் என்ற சொல்லுக்கு முன்னால் யாரும் எதுவும் பேச முடியாது. ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். மாமாவின் நோய் அவருக்குள்ளிருந்த நல்ல குணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. முதலில் எங்களுக்கு அது நோயென்றே தெரியவில்லை. பிறகு, துணிகளின் சொந்தக்காரர்கள் இரவில் வந்து கூப்பிடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். இசிம் எழுதிக் கட்டினோம். ஜின் என்றார் ஒருவர். சூனியம் என்றார் இன்னொருவர். இரவில் நடந்து போய்விடாமலிருக்க, வாப்பா அவரது காலைக் கயிற்றால் தென்னை மரத்தில் கட்டினார். கட்டும்போது வாப்பா அழுதுகொண்டே கட்டினார். அதைப் பார்த்தவன் நான்.

ஏர்வாடிக்குக் கொண்டுபோனால் குணமாகும் என்று குடும்பத்தில் மூத்த ஒருவர் பிடிவாதமாகச் சொன்னார். எங்கள் முன்னோர்கள் பாய்க்கப்பலில் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் போய்வந்த கதைகள் அவரிடம் இருந்தன. காசு சேரவில்லை. 1993இல் வாப்பா அவரை அங்கொடைக்குக் கொண்டுபோனார்.

"அங்கொடை" என்பது இந்த நாட்டில் ஒரு ஊரின் பெயர் மட்டுமல்ல. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசுவதற்கும் அந்தச் சொல் பயன்பட்டது. 2008இல் அந்த வைத்தியசாலை தேசிய உளநல நிறுவகம் என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் ஏச்சு மாற நாளாகும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: மாமா அங்கே சுகமானார். ஆறு மாதத்தில் எடை கூடியது, குரல்கள் அடங்கின. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். நாங்கள்தான் பதினொரு மாதம் கூட்டிவரவில்லை. ராத்தாவின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகும் குடிசையில் அங்கொடையிலிருந்து வந்தவர் இருக்கக்கூடாதென்று முடிவெடுத்தோம். யாரும் அதை வாயால் சொல்லவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டோம். இப்படி வீட்டார் வராததால் வருடக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

வந்த பிறகு அவர் பழைய மாமாதான். ஒரு கை மெசின் வாங்கிக் கொடுத்தோம். முகாம் பிள்ளைகளின் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்தார். மாதம் ஒருமுறை ஊசி. நாள் தவறாமல் போடவேண்டும். மருந்து மெதுவாக உடம்பில் இறங்கி அந்த மாதம் முழுவதும் காவல் நிற்கும் வகையான ஊசி அது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். வாப்பா உயிரோடிருக்கும் வரை ஒரு மாதமும் தவறவில்லை. 1999இல் வாப்பா மௌத்தானார். பொறுப்பு எனக்கு வந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தேன். அந்தப் பஸ்ஸில் என்னோடு படித்தவர்கள் ஏறுவார்கள். மாமா ஊசி முடிந்து வரும்போது கை லேசாக நடுங்கும், வாயோரம் எச்சில் வடியும். "மாமாக்கு என்ன?" என்று ஒருவன் கேட்டான். "வாதம்" என்றேன். 2000ஆம் ஆண்டு கடைசியில் இரண்டு மாதம் அவரைக் கூட்டிப் போகவில்லை. உம்மா கேட்டபோது கிளினிக் நாள் மாற்றிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். மூன்றாம் மாதம் மழையில் ஓர் இரவு மாமா எழுந்து வடக்கே நடந்தார். மூன்றாம் நாள் வீதியில் லொறி ஒன்று அடித்ததாகச் செய்தி வந்தது.

பொய்யைப் பற்றி உம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அடுத்த வருடம், 2001 ஓகஸ்ட் 6ஆந் திகதி, ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். வானொலிச் செய்தியைக் கேட்ட உம்மா, "என்ட தம்பி றோட்டில போனான், நெருப்பில போகல்ல" என்றார். அதையும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித்தான் முடித்தார். அந்தச் சாவுகளுக்குப் பிறகு இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் அந்தத் தர்கா வளாகத்திலேயே அரசாங்க உளமருத்துவர்கள் அமர்ந்து, துஆவும் மருந்தும் சேர்ந்தே கிடைக்கும் ஏற்பாடு வந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்ட முறை அது. வருகிறவரை விரட்டாமல், அவர் நம்பி வருகிற வாசலிலேயே மருந்தை வைப்பது. எங்கள் லெப்பையும் எங்கள் வைத்தியரும் ஒரே மேசையில் இருந்திருந்தால் மாமாவின் காலில் கயிறு விழுந்திருக்காது என்று நான் நினைப்பதுண்டு.

இந்த விடயத்தில் எமது சமூகத்துக்குப் பெருமை பேச நிறைய இருக்கிறது. 1284இல் கெய்ரோவில் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. 1488இல் எதிர்னேயில் இரண்டாம் பாயஸீத் கட்டியதில் தண்ணீர் ஓசையும் இசையும் சிகிச்சையாக இருந்தன. மீலாத் மேடைகளில் இவற்றைக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு இறங்கும்போது தென்னை மரம் ஞாபகம் வரும்.

2004இல் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். அந்த டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. விடுமுறை முடிந்து திரும்பியபோது கரையோர ஊர்களெல்லாம் முகாம்களாகியிருந்தன. பயிலுநர்கள் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினோம். மனக்காயத்துக்கு மருந்து போட என்று வெளியிலிருந்து ஆட்கள் மொழிபெயர்ப்பாளர்களோடு வந்தார்கள். பிள்ளைகளிடம் நிறப் பென்சிலைக் கொடுத்துப் படம் கீறச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஒரு வாரத்தில் நான்கு குழு வந்தது. நான்காம் முறை ஒரு பொடியன் என்னிடம் கேட்டான்: "இன்னமும் அலையா சேர் கீறணும், வேற ஏதும் கீறலாமா?"

அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் நாடு ஒரு காரியம் செய்தது. 2005 ஒக்டோபரில் 2005 முதல் 2015 வரைக்குமான உளநலக் கொள்கையை அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. கலாசாலை நூலகத்தில் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றிப் படித்தேன். சாராம்சம் எளிமையானது. அங்கொடைக்கும் முல்லேரியாவுக்கும் எல்லோரையும் அனுப்பும் வழக்கம் போதும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பொது வைத்தியசாலைக்குள்ளேயே உளநலப் பிரிவு இருக்கவேண்டும். உளமருத்துவ நிபுணர் போதாத இடங்களில் மூன்று மாதப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அதிகாரிகள் இருக்கவேண்டும். வீடு தேடிப் போகும் தாதியரும் ஊர்மட்ட உதவியாளரும் வேண்டும். நீண்டகாலம் தங்கிவிட்டவர்களுக்குப் புனர்வாழ்வு வேண்டும். புதிய சட்டமொன்று வேண்டும். ஏனென்றால் கையிலிருந்தது 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 1956இல் அதன் பெயரைத் திருத்தி, ஒருவர் தன் விருப்பத்தோடு வந்து சேரவும் இடம் வைத்தார்கள். மற்றபடி அது பிரித்தானியர் காலத்துச் சட்டம்தான்; நோயாளியை எங்கே அடைத்து வைப்பது என்பதே அதன் கவலை. கொள்கையின் பத்து வருடமும் முடிந்தபோதும் அந்தப் பழைய சட்டமே நின்றது.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மாமாவை நினைத்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்தக் காகிதம் இருந்திருந்தால் அங்கொடை வரைக்கும் போயிருக்கவேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸில் கூட்டிப் போக வெட்கப்பட்ட மருமகனுக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும்? அதைத் தேடினேன். கொள்கையில் அவமானம் என்ற சொல்லும் இருந்தது. அதை நீக்கவேண்டும் என்றிருந்தது. எப்படி என்பது நீளமாக இல்லை.

காகிதம் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்த கதையும் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிகக் கூடிய விகிதங்களில் ஒன்று அது. 1997இல் ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. 1998இல் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. அதனால் பிழைத்து வந்தவர் பொலிசுக்குப் பயப்படாமல் வைத்தியரிடம் போக முடிந்தது. கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. இருபது வருடத்தில் அந்த விகிதம் மூன்றிலொன்று அளவுக்கு இறங்கியது. யாரும் யாருடைய மனதையும் மாற்றவில்லை. ஒரு கொடூரமான நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருளை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார்கள். ஆயிரக்கணக்கான பேர் உயிரோடிருக்கிறார்கள். தாங்கள் காப்பாற்றப்பட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அப்படிப் பார்த்தால் கொள்கை என்பது தூரத்தைப் பற்றிய விடயம். கெட்டதைத் தள்ளி வைப்பது, நல்லதைக் கிட்டக் கொண்டுவருவது. இங்கேதான் தீவகம் இடறுகிறது. கொள்கையின் அளவுகோல் மாவட்டம். தீவுகள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருக்கின்றன. வரைபடத்தில் விரற்கடைத் தூரம். யாழ்ப்பாணத்திலோ உளநலப் பணிக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. தெல்லிப்பளை வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, 1987இல் தொடங்கிய சாந்திகம், யுத்தத்தின் நடுவிலும் இருந்து வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், வைத்தியர் சிவயோகன் போன்றவர்கள். ஆசிரியர்களையே உளவளத்துணையாளர்களாகப் பயிற்றிய அனுபவமும் இந்த மண்ணுக்கு உண்டு. ஆனாலும் தீவில் இருப்பவனுக்குத் தூரத்தைக் கிலோமீற்றர் தீர்மானிப்பதில்லை, காற்றுத் தீர்மானிக்கிறது. சோளகம் பலத்தால் ஒரு தூரம், வாடை பெயர்ந்தால் இன்னொரு தூரம். படகு என்றாலே வேறு ஞாபகங்களும் இருக்கின்றன. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த கொலைகளை மறந்த நெடுந்தீவுக் குடும்பம் கிடையாது. அதே படகு திருத்தப்பட்டுப் பின்னரும் பல வருடம் ஓடியது. வேறு வழியில்லாமல் சனங்கள் அதில் ஏறினார்கள். மருந்துக்குப் போவதும் அந்தக் கடலால்தான்.

அந்த வருடம் நொவம்பரில் கடல் கொந்தளித்தது. செவ்வாய்க்கிழமைக்குப் படகில்லை. வேறொரு நாளில் போனபோது அன்று கிளினிக் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமும் அப்படியே தவறியது. டிசம்பரில் ஒரு இரவு அந்தத் தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்று புருசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. மீனவர்கள் இருவர் கரைக்குக் கூட்டிவந்தார்கள். காலையில் ஊர் கூடியது. ஒருவர் கட்டி வைக்கச் சொன்னார். ஒருவர் எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடச் சொன்னார். பேய் என்றார் ஒரு வயோதிபர். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். சமயம் வேறு, சொல் ஒன்று. பிள்ளை தாயின் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "சேர், ரெண்டு ஊசி தவறிப்போச்சு" என்றாள். அந்தக் கூட்டத்தில் நோயைச் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

குடும்பநல உத்தியோகத்தர் ரீச்சரும் நானும் தீவிலிருந்த சிறிய வைத்தியசாலைக்குப் போனோம். புதிதாக வந்த இளம் டொக்டர். அவர் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இந்த ஊசியை நானே போடலாம் சேர். கஷ்டமான வேலையே இல்லை. மருந்துதான் இங்க இல்லை. இப்படி ஒராள் இருக்கிறா எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நாங்களும் கேக்கேல்லை" என்றேன்.

அவர் ஒரு கடிதம் எழுதினார். பத்து வரி இருக்கும். இன்னார் இன்ன நோய்க்கு இன்ன மருந்து பெறுகிறார்; கடலால் வர முடியாத மாதங்களில் இங்கேயே ஏற்றுவதற்கு மருந்தை அனுப்பி வைக்கவும்; மூன்று மாதத்துக்கொருமுறை நிபுணரிடம் காட்டுவதற்கு அனுப்புகிறோம். அதைக் கொண்டுபோகும் வேலையை நான் எடுத்தேன். கிளினிக்கில் இருந்த டொக்டர் வாசித்துவிட்டு, "இதுதானே நடக்கவேணும்" என்று கையொப்பமிட்டார். ஜனவரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டி படகில் வந்தது. படகுக்காரர் அதைத் தன் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு வருவார். பிள்ளை காலையில் தாயை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், ஊசி முடிந்ததும் வீட்டில் விட்டுவிட்டு, இரண்டாம் பாடத்துக்கு வகுப்பில் நிற்பாள்.

எட்டு வருடத்துக்கு முன் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கொள்கை எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்த நாள் என்று அந்தப் பெட்டி வந்த நாளைத்தான் நான் சொல்வேன். அது வருவதற்குத் தேவைப்பட்டவை ஒரு கடிதம், கையொப்பம் இரண்டு, ஒரு படகோட்டியின் நல்ல மனம். கட்டடமும் கருத்தரங்கும் தேவைப்படவில்லை. அதேநேரம் ஒரு படகோட்டியின் நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு நோயாளி வாழக்கூடாது என்பதும் உண்மை. 2022இல் எரிபொருளும் மருந்தும் ஒன்றாகத் தட்டுப்பட்டபோது நாடு முழுவதும் அதைக் கண்டது. டீசல் இல்லாமல் படகு நின்றால் தீவில் முதலில் தெரிவது மீன் விலையல்ல; நாள் தவறக்கூடாத மருந்துகள்தான்.

2020 முதல் 2030 வரைக்கென இன்னொரு கொள்கை எழுதப்பட்டிருக்கிறது. தொலைபேசியில் 1926ஐ அழுத்தினால் தேசிய உளநல நிறுவகத்தில் ஒருவர் பேசுவார். நல்ல காரியங்கள். அவற்றை எழுதுகிறவர்களிடம் தீவக வாத்தியார் ஒருவன் கேட்பது இரண்டு சிறிய விடயங்கள். மாவட்டத்தை அளக்கும்போது கடலையும் சேர்த்து அளவுங்கள். மழைக்கால மருந்தைக் கோடைகாலத்திலேயே தீவுக்கு அனுப்பி வையுங்கள். நோயாளிக்குத் துணையாக வருவது யார் என்று கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். அது ஒரு பள்ளிப் பிள்ளை என்றால் அந்தப் பாடசாலைக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.

எங்களிடமும், அதாவது இந்தப் பக்கங்களை வாசிக்கிற எங்களிடமும் ஒரு விடயம் இருக்கிறது. 1990ஐப் பற்றி நாங்கள் நிறைய எழுதியிருக்கிறோம். வீட்டை, தெருவை, கிணற்றை, பள்ளிவாசலை எழுதியிருக்கிறோம். அந்த வருடங்களில் முகாம்களில் புத்தி பேதலித்துப் போனவர்களை எழுதவில்லை. அவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தார்கள். கலியாணப் பேச்சு வரும்போது பின்பக்கக் குடிசைக்கு அனுப்பப்பட்டார்கள். எங்கள் இலக்கியத்திலும் பின்பக்கக் குடிசையில்தான் இருக்கிறார்கள். அநியாயம் செய்தவர்களைப் பற்றி எழுதுவதற்கு எங்களுக்குத் துணிவு வந்தது. எங்கள் கையிலிருந்த கயிற்றைப் பற்றி எழுத இன்னும் வரவில்லை.

அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணக்குக்கு ஏ எடுத்தாள். உயர்தரம் படிக்க யாழ்ப்பாணம் போனபோது தாயையும் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு அவர்களைப் பற்றிக் கேள்விப்படவில்லை. சோனகத் தெருவில் மாமாவின் கடை இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுவரில் பாதி நின்றது. அமானிதத் துணிகளின் சொந்தக்காரர்களைத் தேடுவதென்றால் அளவுக் கொப்பி வேண்டும், அது இல்லை.

நான் இப்போது வேறொரு தீவில் படிப்பிக்கிறேன். இடாப்பில் சிவப்புக் கோடு போடும்போது பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு எழுத்துக் குறித்துக்கொள்வேன். காய்ச்சல் என்றால் 'கா', மழை என்றால் 'ம', துணைக்குப் போனால் 'து'. இந்த மாதம் பதினேழு பிள்ளைகளில் இரண்டு பேருக்கு 'து' விழுந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நாளைக்குப் போகவேண்டும்.